புல்லட் செல்ஃப் சத்தம்: மூடியைக் கழற்றும் முன் பழுதைக் கண்டுபிடிக்கும் முறை

செல்ஃப் (எஞ்சினைச் சுற்றி எடுக்கும் மின் மோட்டார்) பட்டனை அழுத்தியதும் 'கர்ர்' என்று ஒரு சத்தம் வருகிறது. மெக்கானிக் கேட்டதும் "ஸ்ப்ராக் போச்சு" என்கிறார், அதாவது செல்ஃப் மோட்டாரை எஞ்சினோடு இணைக்கும் ஒருவழிக் கிளட்ச். இடது பக்க மூடியைத் திறந்து, மேக்னெட் என்னும் காந்தச் சக்கரத்தைப் பிடுங்கி, புது ஸ்ப்ராக் போட்டுத் தருகிறார்கள். சில மாதங்களில் அதே சத்தம் மறுபடியும் வருகிறது. மாட்டிய சாமான் மட்டம் என்று கடைக்காரருக்குத் திட்டு விழுகிறது. ஸ்ப்ராக்கை உடைத்தது எது என்று மட்டும் யாரும் பார்ப்பதில்லை. பெரும்பாலும் அது பேட்டரிதான். பேட்டரியும் எர்த் வயரும் சரியில்லாத வண்டியில் எந்த ஸ்ப்ராக்கும் நிலைக்காது. அதனால்தான் இந்த வழிகாட்டியில் ஸ்பானருக்கு முன் மல்டிமீட்டர் வருகிறது.

இங்கே சொல்வது ராயல் என்ஃபீல்டின் யூசிஇ (எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே உடலில் அமைந்த) எஞ்சினுக்கு. 2008 கடைசியில் தண்டர்பேர்ட் ட்வின்ஸ்பார்க்கில் அறிமுகமாகி, கிளாசிக் 350, கிளாசிக் 500, எலக்ட்ரா, புல்லட் என்று பரவிய எஞ்சின் அது. 350-இல் போர் (சிலிண்டர் விட்டம்) 70 மி.மீ., 500-இல் 84 மி.மீ. இரண்டுக்கும் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 90 மி.மீ., கம்ப்ரஷன் 8.5:1. கிளாசிக் 500 தயாரிப்பு 2020-இல் நின்றது. 2021-இல் வந்த ஜே வரிசை கிளாசிக் 350 முற்றிலும் வேறு எஞ்சின், அதில் கிக்கரே கிடையாது. யூசிஇ-க்கு முந்தைய ஏவிஎல் எஞ்சின் தண்டர்பேர்ட், இரும்பு பேரல் எலக்ட்ரா ஆகியவற்றில் செல்ஃப் உள்ள மாடல்களுக்கும் கீழே வரும் மின்சாரச் சோதனைகள் அப்படியே பொருந்தும். ஆனால் அவற்றில் பிரைமரிக்கு (எஞ்சினிலிருந்து கிளட்சுக்குப் போகும் செயின் பகுதி) தனி ஆயில், மூடியும் தனி அமைப்பு.

முதலில், செல்ஃப் எப்படிச் சுற்றுகிறது

பட்டனை அழுத்தினால் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) மூடுகிறது. பேட்டரியின் கனமான மின்சாரம் தடித்த வயர் வழியாக, பேரலுக்குப் பின்னால் படுத்திருக்கும் செல்ஃப் மோட்டாருக்குப் போகிறது. மோட்டார் பல்சக்கரங்களைச் சுற்றுகிறது, அவை இடது பக்க மூடிக்குள் மேக்னெட்டுக்குப் பின்னால் உள்ள பெரிய ஸ்ப்ராக் கியரைச் சுற்றுகின்றன. இந்தக் கியரையும் கிராங்கையும் (பிஸ்டன் சுழற்றும் எஞ்சின் தண்டு) இணைப்பதுதான் ஸ்ப்ராக் கிளட்ச். சைக்கிள் ஃப்ரீவீல் மாதிரி ஒரு பக்கம் பிடிக்கும், மறுபக்கம் விடும். வித்தியாசம், இதில் பல் கிடையாது. இரண்டு வழுவழுப்பான வளையங்களுக்கு நடுவே '8' என்ற எண் வடிவில் சின்ன எஃகுக் கட்டைகள் வரிசையாக நிற்கும். கியர் முன்னோக்கித் தள்ளும்போது அவை நிமிர்ந்து இறுகிக் கிராங்கைச் சுற்றும். எஞ்சின் உயிர் பெற்று கிராங்க் வேகமெடுத்ததும் சாய்ந்து விட்டுவிடும்.

ஆபத்து இருப்பது கிராங்க் பின்னோக்கிச் சுற்றும் அந்த ஒரு நொடியில். கம்ப்ரஷனைத் தாண்டும் அளவு வேகம் இல்லாமல் பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே தீப்பொறி விழுந்தால் கிராங்க் திருப்பி அடிக்கும். கிராங்க் பின்னால் சுற்றும்போது ஸ்ப்ராக் விடாது, இன்னும் இறுகப் பிடிக்கும். அதே நேரம் மோட்டார் கியரை முன்னால் தள்ளிக்கொண்டிருக்கிறது. மோட்டார் பல சுற்று சுற்றினால்தான் கிராங்க் ஒரு சுற்று என்பதால், திருப்பி அடிக்கும் கிராங்க் மோட்டாரைப் பல மடங்கு வேகத்தில் எதிர்த்திசையில் சுழற்றப் பார்க்கும். அந்த அடி முழுவதையும் வாங்குவது சில மில்லிமீட்டர் எஃகுக் கட்டைகள். பெரிய பிஸ்டன் கொண்ட 500-இல் இந்த அடி இன்னும் கடுமை.

பேட்டரி டவுனாக இருந்தால் மோட்டார் மெதுவாகச் சுற்றும், மெதுவாகச் சுற்றினால் திருப்பி அடிக்கும், திருப்பி அடித்தால் ஸ்ப்ராக் உடையும். மற்ற எல்லாம் இந்தச் சங்கிலிக்குள் அடங்கும்.

சத்தம் எப்போது வருகிறது?

சத்தத்தின் வகையைவிட அது வரும் நேரம் அதிகம் சொல்லும். 'கரகர', 'கடகட' என்று ஆளுக்கொரு மாதிரி வர்ணிப்பார்கள், நேரத்தில் மட்டும் குழப்பம் வராது. நியூட்ரலில், மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்னொருவரைப் பட்டனை அழுத்தச் சொல்லிவிட்டு எஞ்சின் அருகே காது கொடுங்கள். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை மோட்டார் மீதும் பிறகு இடது மூடி மீதும் வைத்து, கைப்பிடியைக் காதெலும்பில் அழுத்தினால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெளிவாகத் தெரியும்.

பட்டனை அழுத்தியதும் 'டிக் டிக் டிக்' என்று வேகமாக அடித்தால் அது ரிலே. பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் லூஸ். எஞ்சினில் கை வைக்கவே வேண்டாம்.

ஒரே ஒரு 'டக்', பிறகு அமைதி என்றால் ரிலே உள்முனை கருகியிருக்கலாம், எர்த் போயிருக்கலாம், மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்து தொடாமல் இருக்கலாம்.

மோட்டார் 'வீர்ர்' என்று சுதந்திரமாகச் சுற்றி எஞ்சின் அசையாமல் நின்றால் ஸ்ப்ராக் வழுக்குகிறது. இடையில் உள்ள பல்சக்கரமோ அதன் தண்டோ உடைந்திருந்தாலும் இதே சத்தம்தான்.

எஞ்சின் சுற்றும்போது கூடவே 'கர்ர் கர்ர்' என்று அரைத்தால் பல்சக்கரப் பல் உடைந்திருக்கலாம், கட்டைகளைத் தாங்கும் ஸ்ப்ராக் கூண்டு சிதைந்திருக்கலாம், மோட்டார் பெயரிங் போயிருக்கலாம். பிரித்தறியும் வழி கீழே.

பட்டனை அழுத்தியதும் 'கடக்' என்று ஒரே அடி, மோட்டார் நின்றுபோகிறது, மறுபடி அழுத்தினால் எடுக்கிறது என்றால் கிராங்க் திருப்பி அடிக்கிறது. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டு அழுத்திக்கொண்டே இருப்பவர்கள்தான் ஸ்ப்ராக் கடையின் நிரந்தர வாடிக்கையாளர்கள்.

எஞ்சின் எடுத்த பிறகும் சத்தம் நிற்காமல் ஊளையிட்டால் அவசரம். ரிலே ஒட்டிக்கொண்டு மோட்டார் இன்னும் ஓடுகிறது, அல்லது ஸ்ப்ராக் விடாமல் எஞ்சின் மோட்டாரை இழுத்துக்கொண்டு சுற்றுகிறது. உடனே நிறுத்துங்கள். சாவியை எடுத்த பிறகும் மோட்டார் சுற்றினால் ரிலே ஒட்டியிருக்கிறது, பேட்டரி வயரைக் கழற்றுவது ஒன்றே வழி. ஸ்பானர் தேடுவதற்குள் மோட்டார் எரிந்துவிடும். பக்கப் பெட்டியில் 10-ஆம் நம்பர் ஸ்பானர் ஒன்றை எப்போதும் போட்டு வைப்பது நல்லது.

செல்ஃபுக்குச் சம்பந்தமே இல்லாத சத்தங்களும் உண்டு. 500-இல் சாவி போட்டதும் சில விநாடி 'ம்ம்ம்' என்று கேட்பது பெட்ரோல் பம்ப். அது நின்ற பிறகே பட்டனை அழுத்த வேண்டும். பல நாள் நின்ற வண்டியில் எடுத்ததும் சிறிது நேரம் கேட்கும் 'டக டக' ஹைட்ராலிக் டாப்பெட், ஆயில் ஏறியதும் அடங்கும். ஐடிலில் இடது பக்கம் 'சரக் சரக்' என்றால் பிரைமரி செயின் டென்ஷனரைப் பாருங்கள்.

பேட்டரி

இந்த வண்டிகளில் 12 வோல்ட், 14 ஆம்பியர்-அவர் பேட்டரி. இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில், சாவி போடாமல் அளக்கவும். ஓடி வந்து நின்றதும் அளந்தால் பொய்க் கணக்கு காட்டும்.

12.6 முதல் 12.8 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது, இந்த நிலையில் செல்ஃப் போடாமல் கிக்கரை உதையுங்கள்.

இது பாதிச் சோதனை. பழைய பேட்டரி சும்மா இருக்கும்போது 12.7 காட்டிவிட்டு, பாரம் விழுந்ததும் சரிந்துவிடும். அதனால் மீட்டரின் முனைகளைப் பேட்டரி ஈயத்தின் மீதே வைத்துக்கொண்டு பட்டனை அழுத்துங்கள். மோட்டார் சுற்றும்போது 10.5 அல்லது அதற்கு மேல் நின்றால் நல்லது. 10-ஐ ஒட்டி வந்தால் பேட்டரி களைத்துவிட்டது. 9.6-க்குக் கீழே போனால் அதை மாற்றும் வரை பட்டனைத் தொடவே கூடாது. ஊட்டி, கொடைக்கானல் குளிரில் ஆயிலும் கெட்டியாகும், பேட்டரியும் சோரும். அங்கே காலை முதல் ஸ்டார்ட்டைக் கிக்கரில் எடுப்பது புத்திசாலித்தனம்.

எஞ்சின் ஓடும்போது, சுமார் 3,000 ஆர்பிஎம்மில், பேட்டரி முனையில் 13.8 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் புதுப் பேட்டரியும் வாரத்தில் இறங்கும். கூடுதல் ஃபாக் லைட், டபுள் ஹாரன் மாட்டிய வண்டிகளில் நகர நெரிசலில் சார்ஜ் ஏறுவதைவிட இறங்குவதே அதிகம்.

வயரில் தொலையும் வோல்ட்

பலர் தாண்டிப் போகும் இடம் இது. நல்ல பேட்டரி இருந்தும் மோட்டார் சோம்பலாகச் சுற்றினால் வழியில் எங்கோ மின்சாரம் தொலைகிறது. ஓம் அளவு இங்கே உதவாது, ஏனென்றால் பத்து இழையில் ஒன்று மட்டும் மிஞ்சிய வயரும் ஓமில் நல்லதாகவே காட்டும். பாரம் இருக்கும்போது வோல்ட் அளக்க வேண்டும்.

மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைக்கவும். சிவப்பு முனை பேட்டரி பாசிட்டிவில், கறுப்பு முனை செல்ஃப் மோட்டாரின் வயர் நட்டில். பட்டனை அழுத்தி மோட்டார் சுற்றும்போது பார்க்கவும். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் பழுது. இதே சோதனையை ரிலேயின் இரண்டு பெரிய நட்டுகளுக்கு இடையே செய்தால் ரிலே மட்டும் எவ்வளவு தின்கிறது என்று தெரியும். அங்கே 0.2-க்கு மேல் போனால் ரிலேயை மாற்றுங்கள். திறந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்த ரிலே பிற்பாடு ஒட்டிக்கொள்ளும்.

அடுத்து எர்த். ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறுமுனை மோட்டாரின் உலோக உடலில். 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஃபிரேமுக்குப் புதுப் பெயின்ட் அடித்த வண்டிகளில் இங்கேதான் அகப்படும். எர்த் வயர் உட்காரும் இடத்திலும் பெயின்ட் பூசியிருப்பார்கள். சுரண்டி வெள்ளை உலோகம் தெரிய வைத்து, நட்டை இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் போதும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றில் டெர்மினல் பச்சை பூப்பதும் இதே விளைவைத் தரும்.

இங்கே வரை எல்லாம் சரியாக இருந்து சத்தம் இன்னும் இருந்தால்தான் ஸ்பானர் எடுக்க வேண்டும்.

கிக்கரும் பின்சக்கரமும் சொல்லும் சாட்சி

சாவியை எடுத்துவிட்டுக் கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். கிக்கரில் கிராங்க் முன்னோக்கிச் சுற்றுவதால் ஸ்ப்ராக் விட்டுவிடும், செல்ஃப் கியர்கள் சும்மா நிற்கும். ஆகவே கிக்கரிலும் அதே அரைக்கும் சத்தம் வந்தால் பழுது செல்ஃப் வரிசையில் இல்லாமல் கிராங்க், பிரைமரி, கிக்கர் கியர் ஆகியவற்றில் இருக்கலாம். அல்லது உடைந்த ஸ்ப்ராக் கட்டை சிக்கிக் கிராங்கை உரசுகிறது. கிக்கரில் அமைதி, செல்ஃபில் மட்டும் சத்தம் என்றால் தேட வேண்டிய எல்லை மோட்டார் முதல் ஸ்ப்ராக் வரை.

அடுத்த சோதனைக்கு மூடியைத் திறக்கத் தேவையில்லை, ஆனால் பல ஒர்க்‌ஷாப்புகளில் செய்வதில்லை. மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, சாவியை எடுத்து, பிளக்கைக் கழற்றவும் (350-இல் இரண்டு பிளக்). டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் முன்னோக்கிச் சுற்றுங்கள். கிராங்க் முன்னே போகும், ஸ்ப்ராக் விடும், சுலபமாகச் சுற்றும். இப்போது சக்கரத்தைப் பின்னோக்கி மெதுவாகச் சுற்றுங்கள். ஸ்ப்ராக் நன்றாக இருந்தால் உடனே பிடித்து, பல்சக்கரங்கள் வழியாகச் செல்ஃப் மோட்டாரையும் சுற்ற வைக்கும். கையில் கூடுதல் பாரம் தெரியும், மோட்டார் பக்கம் 'விர்ர்' என்று மெல்லிய ஒலி கேட்கும்.

பின்னால் சுற்றும்போதும் பாரமே இல்லாவிட்டால் ஸ்ப்ராக் பிடிக்கவில்லை. சில சமயம் பிடித்துச் சில சமயம் 'டக்' என்று நழுவினால் கட்டைகளோ ஸ்பிரிங்கோ தேய்ந்திருக்கின்றன. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் 'கடக்' என்று தட்டினால் பல்சக்கரப் பல் உடைந்திருக்கிறது. முன்னால் சுற்றும்போதே மோட்டார் ஒலி கேட்டால் ஸ்ப்ராக் விடாமல் ஒட்டியிருக்கிறது. ஓரிரு சக்கரச் சுற்று போதும், எஞ்சினைப் பின்னோக்கி அதிகம் சுற்றத் தேவையில்லை.

மோட்டாரைத் தனியே கேட்பது

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, மோட்டாரின் வயர் நட்டையும் பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் எடுத்தால் மோட்டார் வெளியே வரும். ஓ-ரிங் ஒட்டியிருந்தால் இடவலமாக ஆட்டி இழுங்கள், ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் அலுமினியம் காயப்படும். மோட்டாரை வைஸில் இறுக்கி ஜம்ப்பர் கேபிளால் 12 வோல்ட் கொடுங்கள். கையில் பிடித்துக்கொண்டு கொடுக்காதீர்கள், முறுக்கிக்கொண்டு துள்ளும். சீரான ஒரே சுருதியில் சுற்ற வேண்டும். உறுமல், அதிர்வு, கருகல் வாசனை இருந்தால் பிரித்துப் பார்க்கவும். கார்பன் பிரஷ் தேய்ந்தால் ஸ்பிரிங் தாங்கியில் முட்டி நிற்கும். உள்ளே கறுப்புத் தூள் அப்பியிருந்தால் துடைக்கலாம். எஞ்சின் ஆயில் புகுந்திருந்தால் சீலும் ஓ-ரிங்கும் மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் புதுப் பிரஷ்ஷும் ஊறிப்போகும். மோட்டார் தண்டின் பல்லும் அது மாட்டும் உள் கியர் பல்லும் ஒரே நேரத்தில் கண்ணில் படும் சந்தர்ப்பம் இது, டார்ச் அடித்து இரண்டையும் பாருங்கள்.

இடது மூடிக்குள்

சோதனைகள் எல்லாம் ஸ்ப்ராக்கைக் காட்டினால் மட்டும் இங்கே வாருங்கள். கையில் இருக்க வேண்டியவை: மேக்னெட் புல்லர், புது மூடி பேக்கிங், த்ரெட் லாக், ஆயில், ஆயில் ஃபில்டர், உங்கள் மாடலுக்கான சர்வீஸ் மேனுவல். புல்லர் இல்லாமல் உளியும் சுத்தியலும் வைத்து மேக்னெட்டைக் கழற்றும் கடையில் வண்டியை விடாதீர்கள்.

யூசிஇ-இல் எஞ்சின், கியர்பாக்ஸ், பிரைமரி மூன்றுக்கும் ஒரே ஆயில். எனவே முதலில் ஆயிலை இறக்கவும். இறங்கிய ஆயிலைத் துணியில் வடிகட்டினால் எஃகுத் துணுக்குகள் கிடைக்கலாம், பத்திரப்படுத்துங்கள். மூடியை இழுக்கும்போது காந்தம் எதிர்த்து இழுக்கும், விரல் ஜாக்கிரதை. மேக்னெட் நட்டைக் கழற்றிப் புல்லரால் எடுத்ததும் ஸ்ப்ராக் அதன் முதுகில் இருக்கும்.

கியரைப் பொருத்தி இரு பக்கமும் திருப்புங்கள். ஒரு பக்கம் பட்டுப்போல ஓட வேண்டும், மறுபக்கம் ஒரு நூல்கூட நகராமல் பிடிக்க வேண்டும். கூண்டு நெளிந்திருக்கிறதா, ஸ்பிரிங் அறுந்திருக்கிறதா, கட்டை ஏதாவது குப்புற விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். கட்டைகள் உரசும் கியர் கழுத்தில் நகத்தை ஓட்டினால் தடுக்கக் கூடாது. பள்ளமோ நீலம் பாய்ந்த நிறமோ இருந்தால் ஸ்ப்ராக்கையும் கியரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தேய்ந்த கழுத்தில் புது ஸ்ப்ராக்கைப் போடுவது காசைத் தண்ணீரில் போடுவதுதான், இரண்டாம் முறை பழுதாகும் வண்டிகளில் பேட்டரிக்கு அடுத்த காரணம் இது. ஸ்ப்ராக்கை மேக்னெட்டோடு இணைக்கும் போல்ட்டுகள் தளர்ந்தாலும் 'கடகட' சத்தம் வரும், ஸ்ப்ராக் நன்றாகவே இருந்தாலும்.

உடைந்திருந்தால் துண்டுகளை எண்ணுங்கள். காணாமல் போன கட்டை மேக்னெட்டின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும், அப்படியே மூடினால் காயில் கம்பியை அறுத்துவிடும். ஆயில் சல்லடையையும் கழற்றிக் கழுவவும். சென்னை ஜி.பி. ரோட்டில் ஸ்ப்ராக் விதவிதமான விலையில் கிடைக்கும். பெட்டியின் பளபளப்பை நம்பாமல் கையில் எடுத்து, கட்டைகள் எல்லாம் ஒரே மாதிரி ஸ்பிரிங் போல எழுந்து அமர்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள்.

பேட்டரி நல்லது, ஆனாலும் திருப்பி அடிக்கிறது

அப்படியானால் சந்தேகம் டிகம்ப்ரஸர் மீது. பழைய புல்லட்டில் கையால் இழுத்த லீவரின் வேலையை, யூசிஇ-இல் எக்ஸாஸ்ட் கேமில் உள்ள சிறு எடையும் ஸ்பிரிங்கும் தானாகச் செய்கின்றன. மெதுவாகச் சுற்றும்போது எக்ஸாஸ்ட் வால்வைச் சற்றுத் தூக்கிக் கம்ப்ரஷனைக் கசியவிடும், எஞ்சின் வேகமெடுத்ததும் ஒதுங்கும். கிக்கரை மெதுவாக அழுத்தும்போது கம்ப்ரஷன் இடத்தில் 'புஸ்' என்று கசிந்து கால் இறங்க வேண்டும். கல் மாதிரி நின்றால் வலது பக்க டைமிங் மூடியைத் திறந்து அந்த ஸ்பிரிங்கைப் பாருங்கள். எடையை விரலால் தள்ளி விட்டால் தானாகத் திரும்ப வேண்டும்.

மாட்டிய பிறகு

போல்ட்டுகளை எண்ணெய்ப் பசை போகத் துடைத்து த்ரெட் லாக் இட்டு, மேனுவலில் உள்ள டார்க் அளவுக்கு இறுக்கவும். ஏர் கன்னால் கண்மண் தெரியாமல் இறுக்குவதும் தளர்வாக விடுவதும் ஒன்றுதான். ஸ்ப்ராக் ஆயிலில் நனைந்திருக்க வேண்டும், காய்ந்த நிலையில் மாட்டாதீர்கள். ஆயில் 15 டபிள்யூ 50, ஜாஸோ எம்ஏ தரம் (ஆயிலில் நனையும் கிளட்ச் உள்ள பைக்குகளுக்கானது). காருக்கான வழுவழுப்பு ஆயில் ஊற்றினால் கிளட்ச் பிளேட்டோடு ஸ்ப்ராக்கும் வழுக்கலாம்.

முதல் சுற்றுக்குப் பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டிய நிலையில் உலோகத்தில் படும்படி, பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி வையுங்கள். 500-இல் பெட்ரோல் பம்ப் ஃபியூஸையும் எடுத்துவிடவும். பட்டனை மூன்று விநாடி அழுத்தினால் கம்ப்ரஷன் இல்லாமல் சீராகச் சுற்றும், ஆயிலும் பரவும். சத்தம் இல்லை என்றால் பிளக்கை மாட்டி, ஆக்ஸிலேட்டர் முறுக்காமல் எடுக்கவும். ஒரு முறைக்கு ஐந்து விநாடிக்கு மேல் வேண்டாம், எடுக்காவிட்டால் அரை நிமிடம் விட்டு அடுத்த முறை. எடுத்ததும் பட்டனிலிருந்து விரலை உடனே எடுங்கள். நிறுத்தும்போது ஐடிலுக்கு இறங்கவிட்டு நிறுத்துங்கள். அப்போது லேசாக ஒரு 'டக்' கேட்பது, கடைசிக் கம்ப்ரஷனில் கிராங்க் சற்றுப் பின்வாங்குவதால். அதுவே நாளுக்கு நாள் பலமாகிக்கொண்டு போனால் மறுபடி மல்டிமீட்டரிலிருந்து தொடங்க வேண்டும்.